தூக்கிய பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

லிஃப்ட் கிட் (சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்கள்) போட்டு பிக்கப்பை ஆறு இன்ச் தூக்கி, 35 இன்ச் டயரும் போட்ட பிறகு பழைய டிரெய்லரே திடீரென்று கனத்துப்போன மாதிரி இருக்கும். டிரெய்லரில் எதுவும் மாறவில்லை. மாறியது வண்டியில் மூன்று விஷயம்: சக்கரத்துக்குப் போய்ச்சேரும் கியர் விகிதம், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) இருக்கும் உயரம், எந்த ஆக்ஸில் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பது. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை தோண்டிப்பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். ஆனால் வெளியே தெரியும்போது கியர்பாக்ஸ் போச்சு, ஷாக் போச்சு, டிரெய்லர் சரியில்லை என்று வேறு வேறு வேஷத்தில் வரும், அதனால்தான் ஆட்கள் தேவையில்லாத பாகங்களை வாங்கி மாட்டிவிட்டு அதே கோளாறோடு மறுபடி சாலைக்கு வருகிறார்கள்.

எதையும் வாங்கும் முன் கையில் வேண்டியவை: அளவு டேப், நல்ல காற்றழுத்த மானி, சாய்வுக் கோணம் காட்டும் செயலி உள்ள கைபேசி, பக்கத்தில் எங்காவது ஒரு லாரி எடைமேடை. அப்புறம், கோளாறு எப்போது வருகிறது என்று மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். டிரெய்லர் இல்லாமல், காலி டிரெய்லரோடு, சுமை ஏற்றிய டிரெய்லரோடு. டிரெய்லர் இல்லாமலே வந்தால் லிஃப்ட் கிட்டையும் டயரையும் பாருங்கள். சுமையோடு மட்டும் வந்தால் உயரத்தையும் எடையையும் பாருங்கள். இதைச் செய்யாமல் மெக்கானிக்கிடம் போனால் அவரும் ஊகத்தில்தான் ஆரம்பிப்பார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, கியர் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் மாறுகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். பழைய டயரின் விட்டத்தைப் புதிய டயரின் விட்டத்தால் வகுத்து, வருவதை ஆக்ஸில் விகிதத்தோடு (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) பெருக்க வேண்டும். 265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 31.6 இன்ச். அதை எடுத்துவிட்டு 35 போட்டால் 3.73 ஆக்ஸில் 3.37 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்கெனவே மைலேஜுக்காக 3.21 வைத்து வந்த வண்டி என்றால் 2.90. அதாவது மலை ஏற வேண்டிய வண்டிக்கு சமவெளியில் ஓடும் காரின் கியரை மாட்டியிருக்கிறீர்கள், அதனால் கியர்பாக்ஸ் மேல் கியரில் நிற்க முடியாமல் கீழே இறங்கி, கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி மேலே போய், திரும்பவும் இறங்கி என்று அல்லாடுகிறது.

கம்பெனி கொடுத்த இழுவை எடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். 2008-ல் முதலில் வெளியான எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவை எடை விதிமுறையில் ஏற்றச் சோதனை அமெரிக்காவின் டேவிஸ் டேம் என்ற இடத்தில் உள்ள நீண்ட ஏற்றச் சாலையை வைத்து அமைக்கப்பட்டது. முழுச் சுமையோடு, கடும் வெயிலில், ஏசி ஓட, பின் ஆக்ஸிலில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள பிக்கப்பாக இருந்தால் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். அந்தச் சோதனையைக் கடந்தது கம்பெனி டயரும் கம்பெனி ஆக்ஸிலும் கம்பெனி உயரமும் உள்ள வண்டி. உங்கள் வண்டி அது இல்லை. கையேட்டில் போட்ட எண்ணை அப்படியே நம்பி சுமை ஏற்றாதீர்கள்.

காரணம் கியர் விகிதம்தானா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. அதே ஏற்றத்தில் இழுவை மோடைப் போட்டு, கியரைக் கையால் ஒன்றோ இரண்டோ கீழே பிடித்து வையுங்கள். ஆர்பிஎம் ஏறியதும் வண்டி ஒழுங்காக இழுத்தால் இன்ஜினில் குறை இல்லை, விகிதம்தான் குறை. ஆர்பிஎம் போதுமான அளவு இருந்தும் இழுக்கவில்லை என்றால் அது வேறு கதை: ஏர் ஃபில்டர், எரிபொருள் அழுத்தம், டர்போ குழாயில் கசிவு, அடைத்துப்போன வினையூக்கி என்று அந்த வழியில் தேடுங்கள்.

விகிதம்தான் என்று தெரிந்த பிறகு முதலில் செய்ய வேண்டியது செலவு குறைந்த வேலை, புதிய டயரின் அளவை வண்டியின் கணினியில் பதிவது. கணினி பழைய டயர் என்றே நினைத்துக்கொண்டு இருந்தால் வேகத்தைக் குறைவாகக் கணக்கிட்டு கியர் மாற்றும் நேரத்தையும் தப்பாக முடிவு செய்யும். பதிந்த பிறகும் திணறினால் கிரவுன்-பினியனை (ஆக்ஸிலுக்குள் விகிதத்தை முடிவு செய்யும் கியர் ஜோடி) மாற்றுவதுதான் நிரந்தர வழி. மேலே சொன்ன உதாரணத்தில் 4.10 போட்டால் 3.70-க்கு வரும், ஏறக்குறைய பழைய நிலை. 4.56 போட்டால் 4.12. பெரிய டயர் கனமானது, தூக்கிய வண்டி காற்றையும் அதிகமாக எதிர்க்கும், ஆகவே பழைய எண்ணுக்குத் திரும்புவது மட்டும் போதாது என்பது என் எண்ணம். அடிக்கடி கனமாக இழுப்பவர் 4.56 பக்கம் போவது நல்லது. எட்டு, பத்து கியர் உள்ள புதிய வண்டிகளில் முதல் கியர் ஏற்கெனவே நன்றாகத் தாழ்ந்திருப்பதால் அங்கே 4.10 போதும் என்று சொல்லலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் அதே விகிதம் போட்டே ஆக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து ஏதாவது ஒன்று உடையும். செலவு இரட்டிப்பாவது அதனால்தான்.

கணினியில் பவர் ட்யூன் ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். விகிதக் குறையை அது கொஞ்சம் மறைக்கும், வெப்பத்தைக் கூட்டும். கியர் விகிதம் சரியாகும் வரை அதைத் தொடவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை வருகிறது

இது மேலே சொன்னதன் பிள்ளை. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே ஓடினால் அந்த வழுக்கல் முழுவதும் ஆயிலில் வெப்பமாக இறங்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்துங்கள். வேகம் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் முந்நூறு நானூறு ஏறினால் பூட்டு விழவில்லை. ஒரு கியர் கீழே இறக்கி, பூட்டு நிலையாக விழுகிற கியரில் ஓட்டுங்கள், சத்தம் கூடும், பரவாயில்லை, ஆயில் வெப்பம் இறங்குவது மீட்டரிலேயே தெரியும்.

ஆயில் வெப்பம் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். நீண்ட ஏற்றத்தில் 110 தொட்டால் வேகத்தைக் குறையுங்கள். 120 தாண்டினால் ஓரம் கட்டுங்கள், ஆனால் இன்ஜினை அணைக்காதீர்கள். பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்து ஓடவிட்டால்தான் ஆயில் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். இது நடந்த பிறகு ஆயிலை எடுத்துப் பாருங்கள், கருத்துக் கருகல் வாசனை வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

தூக்கிய வண்டிகளுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. வின்ச் வைத்த பெரிய பம்பரும் கிரில்லுக்கு முன்னால் வரிசையாக மாட்டிய விளக்குகளும் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் போக வேண்டிய காற்றை மறைத்துவிடும். இழுக்கப் போகும் நாளில் விளக்குச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே சாலையில் வெப்பத்தைப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பெரிய கூலர் வாங்கும் செலவு மிச்சம்.

மைலேஜ் படுமோசமாக விழுந்துவிட்டது

பாதி பொய்க்கணக்கு. டயர் அளவு பதியாத வண்டியில், மேலே சொன்ன உதாரணப்படி, மீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 100 போகிறீர்கள், ஓடிய தூரமும் அதே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். கைபேசி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மைலேஜை விட முக்கியம், டிரெய்லர் டயருக்கு வேக வரம்பு உண்டு, பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைலுக்குத்தான் கணக்கிடப்பட்டவை. நீங்கள் தெரியாமலே அதைத் தாண்டிக்கொண்டிருக்கலாம்.

டிரெய்லர் வாலை ஆட்டுகிறது

இங்கே நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்றக் கோளாறுகள் பணத்தைத் தின்னும், இது ஆளைத் தின்னும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் (டிரக்கிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) உள்ள கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நின்ற பிறகு காரணம் தேடுவோம். முதலில் டிரெய்லரின் மட்டம். பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும், மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று. ஆறு இன்ச் லிஃப்ட்டும் 35 டயரும் சேர்ந்தால் ஹிட்ச் ஏறக்குறைய 7.7 இன்ச் உயர்ந்திருக்கும், ஏனென்றால் டயரின் விட்டம் கூடியதில் பாதிதான் உயரமாகச் சேரும். பழைய பால் மவுன்ட்டையே (டிரெய்லர் உட்காரும் பால் என்ற இரும்பு உருண்டையைத் தாங்கும் தண்டு) மாட்டினால் மூக்கு தூக்கத்தான் செய்யும், தூக்கினால் எடை பின்பக்கம் சாயும், பாலின் மேல் உட்காரும் எடை குறையும், ஆட்டம் வரும். இரட்டை ஆக்ஸில் டிரெய்லரில் பின் ஆக்ஸிலுக்குச் சுமை கூடும். பட்டை ஸ்பிரிங்கும் நடுவில் சமன்செய்யும் இணைப்பும் உள்ளதென்றால் ஓரளவு பகிர்ந்துகொள்ளும், டார்ஷன் ஆக்ஸில் (பட்டை ஸ்பிரிங் இல்லாமல் ரப்பர் முறுக்கத்தில் வேலை செய்யும் வகை) என்றால் பகிராது, பின் டயர்கள் தனியாகக் கஷ்டப்படும்.

எவ்வளவு இறக்கமான பால் மவுன்ட் வேண்டும்? டிரெய்லரை சமதளத்தில் மட்டமாக நிறுத்தி கப்ளரின் (டிரெய்லர் மூக்கில் பாலைக் கவ்வும் பாகம்) உயரத்தை அளங்கள். டிரக்கின் ரிசீவர் துளையின் (பால் மவுன்ட் செருகும் இடம்) உயரத்தை அளங்கள். ரிசீவர் 28, கப்ளர் 20 என்றால் எட்டு இன்ச் வித்தியாசம். ஆனால் சுமை விழுந்ததும் டிரக்கின் பின்பக்கம் ஓர் இன்ச்சுக்கு மேல் அமுங்கும், அதனால் ஏழில் ஆரம்பித்து, மாட்டிப் பார்த்து, மூக்கு மட்டமாகவோ துளி கீழேயோ இருக்கும்படி வையுங்கள். துளை மாற்றி உயரம் மாற்றுகிற வகை வாங்கினால் தலைவலி குறைவு.

நீளமான பால் மவுன்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறக்கம் கூடக்கூட அது ரிசீவரை நெம்புகிற பலமும் கூடும், பல மாடல்களில் அதிக இறக்கத்துக்கு அனுமதி எடை குறைவு. மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ரிசீவர், பால் மவுன்ட், பால், கப்ளர் இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. ரிசீவரில் மவுன்ட் தளர்வாக லொடலொட என்று ஆடினால் அந்த ஆட்டமும் டிரெய்லருக்குப் போய்ச்சேரும்.

மட்டம் சரியாக இருந்தும் ஆடினால் பாலின் மேல் விழும் எடையைப் பாருங்கள். சாதாரண பால் ஹிட்ச்சுக்கு மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே உட்கார வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. எடைமேடையில் டிரக்கை மட்டும் ஒரு தடவையும், டிரெய்லரை மாட்டி, டிரக்கின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி ஒரு தடவையும் நிறுத்துங்கள், வித்தியாசம்தான் அந்த எடை. எடையைச் சமன்படுத்தும் ஹிட்ச் (ஸ்பிரிங் கம்பிகளால் எடையை முன்னால் தள்ளும் வகை) இருந்தால் இதற்கு அதன் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். குறைவாக இருந்தால் சுமையை முன்னால் நகர்த்துங்கள். பத்து சதவீதம் கூட இல்லாத டிரெய்லரோடு எந்தச் சாதனமும் ஆட்டத்தை நிறுத்தாது.

அடுத்தது டயர். பெரிய டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும், காற்று குறைந்தால் பின்பக்கம் முழுவதும் ஜெல்லி மாதிரி அசையும். கரடுமுரடான பாதைக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே டிரெய்லர் மாட்டுபவர்கள் ஏராளம். கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண் பழைய டயருக்கானது. புதிய டயரின் சுமைக் குறியீட்டைப் பார்த்து, பின் ஆக்ஸிலில் விழும் எடைக்கு எவ்வளவு காற்று என்பதை அந்த டயர் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள். குறியீடு 121 என்றால் ஒரு டயருக்கு அதிகபட்சம் 1,450 கிலோ, 113 என்றால் 1,150 கிலோதான். பெரியது என்பதால் அதிகம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், சில பெரிய டயர்கள் கழற்றிப்போட்ட சின்ன டயரை விடக் குறைவாகவே தாங்கும்.

கடைசியாகத்தான் பின் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்த பிளாக் நழுவியிருக்கிறதா, யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லிஃப்ட் போட்டு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட்களை மறுபடி முறுக்க வேண்டும், அதைச் செய்தவர்களை விடச் செய்யாதவர்களே அதிகம். ஒரு பிளாக்கின் மேல் இன்னொரு பிளாக் அடுக்கியிருந்தால் டிரெய்லர் மாட்டவே வேண்டாம்.

பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் மிதக்கிறது

டிரெய்லர் மாட்டியதும் முன் ஃபெண்டரின் உயரத்தை அளங்கள், மாட்டும் முன் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துவைத்திருக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்திருந்தால் முன் டயர்களிலிருந்து எடை போய்விட்டது என்று பொருள், ஸ்டீயரிங் லேசாகி, பிரேக்கும் பலவீனமாகும்.

பலரும் உடனே ஏர்பேக் வாங்கி பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள். பார்க்க மட்டமாகிவிடும். ஆனால் முன் ஆக்ஸிலில் இழந்த எடை திரும்பி வராது, ஏர்பேக் பின்பக்கத்தை உயர்த்துகிறதே தவிர எடையை எங்கும் நகர்த்துவதில்லை. எடையை முன்னால் தள்ளுவது எடையைச் சமன்படுத்தும் ஹிட்ச் மட்டுமே. அதன் கம்பிகளை முறுக்கி, முன்பக்கம் உயர்ந்ததில் குறைந்தது பாதியாவது கீழே வருகிற வரை சரிசெய்யுங்கள், உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கிய வண்டிக்கு நீண்ட இறக்கமுள்ள தண்டு தனியாக வாங்க வேண்டிவரும், அதைக் கீழே பொருத்திய பிறகு கம்பிகளுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பாருங்கள்.

இன்னொன்று. லிஃப்ட் கிட், கனமான சக்கரங்கள், பம்பர், வின்ச் எல்லாமே வண்டி ஏற்றலாம் என்று கம்பெனி சொன்ன எடையில் கழிந்துதான் போகும். தூக்கியதால் வண்டியின் சுமை வரம்பு ஒரு கிலோ கூட உயராது. பெரிய டயரும் சக்கரமும் சேர்ந்து ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ கூடுவது சாதாரணம், ஸ்டெப்னியோடு சேர்த்து அதில் ஐந்து, அதோடு மற்றச் சாமான். அதனால் எடைமேடையில் ஒவ்வொரு ஆக்ஸிலையும் தனித்தனியாக நிறுத்தி, கதவோர ஸ்டிக்கரில் உள்ள ஆக்ஸில் வரம்போடு ஒப்பிடுங்கள்.

பிரேக் பிடிக்க நேரமாகிறது

டயரின் ஆரம் கூடினால் அதே பிரேக் அழுத்தத்தில் தரையில் கிடைக்கும் பிடிப்பு குறையும். 31.6-லிருந்து 35-க்குப் போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும், கனமான டயரைச் சுழலவிடாமல் நிறுத்தும் வேலை வேறு. டிரெய்லர் இல்லாமலே மிதி கூடுதலாக வேண்டியிருந்தால் இதுதான் காரணம், நல்ல பேட், பெரிய டிஸ்க் பக்கம் போங்கள்.

டிரெய்லரோடு மட்டும் என்றால் டிரெய்லரின் பிரேக் தன் பங்கைச் செய்யவில்லை. காலியான இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்பு வரை வலிமையைக் கூட்டி, பூட்டினால் சற்றுக் குறைத்து அங்கே நிறுத்துங்கள். எவ்வளவு கூட்டினாலும் பிடிக்கவில்லை என்றால் மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். பத்து, பன்னிரண்டு இன்ச் டிரம்மில் மின்சார பிரேக்கை இயக்கும் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். அதைவிட நன்றாகக் குறைந்தால் எர்த் ஒயர் துருப்பிடித்தோ இணைப்பு கழன்றோ இருக்கும். மின்சாரம் சரியாக இருந்தால் டிரம்முக்குள் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்.

டேஷ்போர்டில் தனியாக ஒட்டுகிற கன்ட்ரோலர்களில் பல வண்டி எவ்வளவு மெதுவாகிறது என்பதை உணர்ந்து வேலை செய்பவை. லிஃப்ட்டுக்குப் பிறகு வண்டி முன்னோக்கியோ பின்னோக்கியோ வேறு கோணத்தில் நிற்கும், அதனால் கன்ட்ரோலரின் மட்டத்தை மறுபடி அமைக்க வேண்டும்.

கிளம்பும்போது உதறல், வேகத்தில் அதிர்வு

எந்த வேகத்தில் வருகிறது என்பதே பாதி பதில். நின்ற இடத்திலிருந்து சுமையோடு கிளம்பும்போது, முப்பது நாற்பது கிலோமீட்டர் வரை உதறி, பிறகு நின்றுபோனால் அது கோணம் தொடர்பானது. வேகம் கூடக்கூட மோசமானால் சமநிலை தொடர்பானது: டயர், சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

கிளம்பும்போது வருவதற்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒன்று, உயரமான பிளாக் வைத்த பட்டை ஸ்பிரிங் சுமையில் எஸ் வடிவத்துக்கு முறுக்கிக்கொண்டு, பினியனின் மூக்கை மேலே தூக்கி, பிறகு விட்டுவிடுவது. யாரையாவது பக்கவாட்டில் தள்ளி நிறுத்தி, மெதுவாகக் கிளம்பும்போது ஸ்பிரிங்கை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கண்ணுக்கே தெரியும். இதற்கு டிராக்ஷன் பார் (ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் தண்டு) போட வேண்டும், பிளாக்கை எடுத்துவிட்டு உயரமான ஸ்பிரிங்கே போடுவது இன்னும் நல்லது. இரண்டாவது, ஷாஃப்ட்டின் கோணம். கைபேசியை கியர்பாக்ஸ் வெளிமுனையிலும் பினியனிலும் வைத்துக் கோணம் பாருங்கள். இரு முனையிலும் ஒற்றை யு-ஜாயின்ட் இருந்தால் இரண்டும் இணையாக இருக்க வேண்டும், பட்டை ஸ்பிரிங் வண்டியில் பினியன் ஒன்றிரண்டு டிகிரி கீழ்நோக்கி இருப்பது நல்லது, சுமையில் அது மேலே ஏறிச் சரியாகும். முன்முனையில் இரட்டை ஜாயின்ட் இருந்தால் பினியன் நேராக அதை நோக்க வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடுவில் உள்ள பேரிங்கைச் சிறு துண்டு வைத்து இறக்காமல் லிஃப்ட் செய்திருந்தால் உதறல் வருவதில் ஆச்சரியமே இல்லை. டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் அமுங்குவதால் இந்தக் கோணங்கள் மாறும், ஆகவே காலி வண்டியிலும் மாட்டிய வண்டியிலும் இரண்டு தடவையும் அளங்கள்.

ஸ்டீயரிங் அலைகிறது

முதலில் மேலே சொன்ன முன்பக்க எடையைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. லிஃப்ட் செய்யும்போது இது குறைந்துபோகும், டிரெய்லர் பின்பக்கத்தை அமுக்குவதால் கொஞ்சம் கூடினாலும் முன்பக்கம் லேசாகிவிடுவதால் பலன் தெரியாது. அலைன்மென்ட் தாளில் கேஸ்டர் எவ்வளவு என்று கேளுங்கள், டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் திட ஆக்ஸில் உள்ள வண்டி பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் வெடவெடத்தால், டிராக் பார் (ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) போல்ட்டும் புஷ்ஷும்தான் முதல் சந்தேகம். ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினால் அடங்கும், குணமாகாது.

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் பிக்கப் பெட்டியின் பக்கச்சுவரில் இடிக்கிறது

ஃபிஃப்த் வீல் என்பது பிக்கப்பின் பெட்டிக்குள் வைத்த ஹிட்ச்சில் மாட்டும் டிரெய்லர். அதன் அடிப்பகுதிக்கும் பெட்டியின் பக்கச்சுவருக்கும் இடையே ஆறு இன்ச்சாவது இருக்க வேண்டும். தூக்கிய வண்டியில் அந்த இடத்தை வைத்தால் டிரெய்லர் மூக்கு தூக்கும், மூக்கை இறக்கினால் இடிக்கும். ஹிட்ச்சை மட்டும் சரிசெய்து இதிலிருந்து தப்ப முடியாது. டிரெய்லரின் ஆக்ஸிலை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றிப் பொருத்தியோ ஸ்பிரிங் தாங்கிகளுக்குக் கீழே துணைச் சட்டம் கொடுத்தோ டிரெய்லரையும் உயர்த்த வேண்டும், அதற்கு மனமில்லை என்றால் டிரக்கை இறக்க வேண்டும். உயர்த்தினால் டிரெய்லரின் ஈர்ப்பு மையமும் ஏறும், வளைவுகளில் அது தெரியும்.

சின்னத் தொல்லைகள்

ஒயர் இறுக்கமாக இழுபட்டு விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? பிளக் உயர்ந்துவிட்டது, கப்ளர் இறங்கிவிட்டது, நீட்டிப்பு ஒயர் போடுங்கள். பாதுகாப்புச் சங்கிலியும் அப்படித்தான், கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டி, திரும்பும்போது இழுபடாமலும் தரையில் உரசாமலும் இருக்கும் நீளம் வேண்டும். எதிரே வருபவர்கள் விளக்கை அடித்து அடித்துத் திட்டினால், பின்பக்கம் அமுங்கியதால் உங்கள் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது, டிரெய்லரை மாட்டிய நிலையில் அதன் கோணத்தைச் சரிசெய்யுங்கள். ஏபிஎஸ், நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்குகள் எரிந்தால் டயர் அளவும் ஸ்டீயரிங் கோண சென்சாரும் மறுபடி பதியப்படாமல் இருக்கலாம். டிரெய்லர் ஆட்டத்தைத் தானாக அடக்கும் வசதியும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் சூடு, கருகல் வாசனை

நிறுத்தும்போதெல்லாம் சக்கர மையங்களின் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதை விட நன்றாகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. டிரக்கின் முன் ஹப்கள் இரண்டும் சூடாக இருந்து, வெளியே நீட்டிய ரிம்மோ ஸ்பேசரோ போட்டிருந்தால், சக்கரம் வெளியே தள்ளிப்போன தூரம் பேரிங்கை நெம்பிக்கொண்டிருக்கிறது.

பின் டிஃபரன்ஷியல் கொதிக்கிறது, புதிதாக கிரவுன்-பினியன் மாற்றியது என்றால் பல்கள் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லரை மாட்டாதீர்கள், ஆரம்பத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி முழுதாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அந்த 800 முடிந்ததும் ஆயிலை இறக்கி மாற்றிவிடுங்கள். இறக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். நகத்தால் எடுக்க முடிகிற இரும்புத் துண்டு இருந்தால் மூடியைக் கழற்றிப் பல்களைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.